தோன்றா எழுவாய்: தீர்ப்பெழுதியவர்களின் முன்கதை

எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கு இலக்கணம் நடத்திய ஆசிரியர் தோன்றா எழுவாய்க்கு ‘வந்தான்’ என்ற ஒற்றைச் சொல்லையே உதாரணமாகச் சொல்வார். யார் வந்தான் என்று வாக்கியத்தில் இல்லை. ஆனால் விகுதி காட்டிக்கொடுத்துவிடும்: படர்க்கை, ஆண்பால், ஒருவன். முழுசாக ஒளிந்துகொள்ளத் தமிழ் விடாது என்று ஒரு பெருமிதத்தோடு முடிப்பார். அன்றைக்கு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ‘நம்ப முடியவில்லை’ என்று ஒரு வாக்கியம் உண்டே, அதில் விகுதிகூட இல்லையே, நம்ப முடியாமல் போனவர் யார் என்று கேட்கத் தோன்றியதெல்லாம் பிற்பாடு தீர்ப்புகளைப் படிக்க ஆரம்பித்தபோதுதான்.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 தலித் உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டன. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1970இல் நாகப்பட்டினத்தில் செஷன்ஸ் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்குப் பத்தாண்டுத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அதற்கு அது சொன்ன தர்க்கங்களில் ஒன்றைப் பலரும் அறிவார்கள். இவர்கள் நிறைய நிலபுலம் உள்ள மிராசுதார்கள், ஒருவர் கார்கூட வைத்திருப்பவர். வேலையாட்களின் துணையில்லாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம். மைதிலி சிவராமன் அதே ஆண்டு ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இந்தக் கொலையாளிகளைக் கனவான்கள் என்று கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லில் தீர்ப்பின் தர்க்கம் முழுவதும் அம்பலமாகிவிட்டது.

எனக்கு இங்கே இடறுவது ‘நம்புவது கடினம்’ என்ற பயனிலை. யாருக்குக் கடினம்? வெண்மணி சேரியில் உயிர் தப்பியவருக்கு அதில் எந்தக் கடினமும் இல்லை. தஞ்சைக் களத்துமேட்டில் ஒருநாள் நின்றவருக்கும் இல்லை. மிராசுதார் தானே இறங்கி வந்து அடிப்பதை அவர் பார்த்தவர். கார் வைத்திருப்பவன் நடக்க மாட்டான் என்பது ஒரு குறிப்பிட்ட வாழ்க்கையிலிருந்து, ஒரு குறிப்பிட்ட தொழில்வழியிலிருந்து பிறக்கிற அறிவு. தீர்ப்பு அதைப் பொது அறிவாக மாற்றிவிடுகிறது. அந்த மாற்றத்தைச் செய்து முடிப்பது தோன்றா எழுவாய்தான்.

நம் சிறுபத்திரிகை நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ரோலான் பார்த் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தது 1967இல். அதைத் தமிழில் நாம் கொண்டாடியது கொஞ்சநஞ்சமல்ல. பிரதி மட்டுமே உண்டு, எழுதினவனுடைய ஊர், சாதி, உத்தியோகம் பற்றிக் கேட்பது பழம்பண்டிதர் வேலை என்று பலபேர் வாயை அடைத்தோம். கவிதைக்கு அது சரியாகவே இருக்கட்டும். தன்னுடைய ஆசிரியன் செத்துவிட்டான் என்று தானே பறைசாற்றிக்கொள்கிற பிரதி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: ‘இந்த நீதிமன்றம் கருதுகிறது’ என்று தொடங்குகிற தீர்ப்பு. அதனிடம் போய் நாமும் ஆசிரியன் இல்லை என்றால் அது சந்தோஷமாகத் தலையாட்டும். பூக்கோ 1969 சொற்பொழிவில் இதன் மறுபக்கத்தைத் தொட்டார். எழுத்துக்கு ஆசிரியன் என்று ஒருவன் தேவைப்பட்டதே அவனைத் தண்டிக்க வேண்டியிருந்தபோதுதான் என்றார். தண்டிக்கப்படுகிறவனுக்குப் பெயர் வேண்டும், தகப்பன் பெயர் வேண்டும், கதவிலக்கம் வேண்டும். தண்டிக்கிற எழுத்துக்கு எதுவும் வேண்டாம். கையெழுத்து கடைசியில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, முன்கதை இல்லை.

அந்த முன்கதையைச் சட்டமே ஒருகாலத்தில் பச்சையாக எழுதி வைத்திருந்தது. 1861ஆம் ஆண்டு உயர் நீதிமன்றங்கள் சட்டப்படி நீதிபதிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பாரிஸ்டர்கள், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சிவில் சர்வீஸ்காரர்கள் இருக்க வேண்டும். மிச்சத்தில்தான் உள்ளூர் வக்கீலும், முன்சீப்பாக இருந்து மேலே வந்தவரும். மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் கிராமக் கணக்கு வேலையில் தொடங்கிய முத்துசாமி ஐயர் அந்த மிச்சத்துக்குள் புகுந்துதான் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். அவரை வெள்ளைக் கல்லில் உட்கார வைத்திருக்கிறார்கள். தெருவிளக்கில் படித்த கதையைப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். பங்குக் கணக்கை யாரும் சொல்லவில்லை.

ஐ.சி.எஸ். நீதிபதி என்பவர் யார்? ஒரு நாளும் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு ஒரு கைதிக்காக வாதாடாதவர். லண்டனில் பரீட்சை எழுதி, கப்பலேறி, உதவிக் கலெக்டராகி, போலீஸ் அறிக்கையைக் காலைக் காப்பியோடு வாசித்துப் பழகி, பிறகு ஒருநாள் நீதித்துறைப் பக்கம் திருப்பிவிடப்பட்டவர். போலீஸ் சொல்வது அவருக்குச் சாட்சியம் அல்ல, தகவல். இந்த வேறுபாடு முக்கியம். குற்றவியல் வக்கீலுக்குப் போலீஸ் குறிப்பு என்பது குறுக்கு விசாரணையில் பிரித்து மேய வேண்டிய பிரதி. ஏடு எப்போது எழுதப்பட்டது, மை எப்போது காய்ந்தது என்பதிலிருந்து அவர் தொடங்குவார்.

வ.உ.சிதம்பரம் பிள்ளை அப்படிப்பட்ட வக்கீல். ஓட்டப்பிடாரத்தில் கிரிமினல் வழக்கு நடத்திப் போலீஸோடு மல்லுக்கு நின்று பெயரெடுத்தவர். சுதேசிக் கப்பல்காரர் என்ற பிம்பம் இந்தப் பிளீடரை முழுசாக விழுங்கிவிட்டது. 1908இல் அவர் கூண்டில் நின்றபோது எதிரே உட்கார்ந்திருந்தவர் திருநெல்வேலி கூடுதல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, ஐ.சி.எஸ். வ.உ.சி. மேடையில் பேசியது தமிழ். நீதிமன்றத்துக்கு வந்தது போலீஸ்காரர் எழுதிக்கொண்டுவந்த குறிப்பு. நீதிபதி படித்தது அதன் ஆங்கிலம். இரண்டு ஆயுள் தண்டனை, நாடு கடத்தல். இந்தியா மந்திரி மார்லிக்கே இது கொடூரமாகப் பட்டது. மேல்முறையீட்டில் 6 ஆண்டாகக் குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். சிறைவாசத்தைக் காவியமாக்கிவிட்டோம். வக்கீல் சன்னது பறிபோனது பெரிதாகப் பேசப்படவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மூன்று பங்குக் கணக்கும் ஒரே மேடையில் உட்கார்ந்த வழக்கு ஒன்று உண்டு. 1911 ஜூன் 17 மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். வாஞ்சிநாதன் அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார். மிச்சமிருந்த 14 பேர் மீது வழக்கு. 1908இல் வந்த சிறப்புச் சட்டம் ஒன்றின்படி ஜூரி கிடையாது. மூன்று உயர் நீதிமன்ற நீதிபதிகளே விசாரித்தார்கள். தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட், இங்கிலாந்துப் பாரிஸ்டர். அய்லிங், ஐ.சி.எஸ். மூன்றாமவர் சங்கரன் நாயர், சென்னை வக்கீல். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டு கிடைத்தது. சங்கரன் நாயர் தனித் தீர்ப்பு எழுதினார். அதில் பாரதியின் சுதந்திர தாகப் பாட்டை ஆங்கிலத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறார். எந்த நோக்கத்தில் காட்டினார் என்பது இருக்கட்டும். தெருவில் என்ன பாடுகிறார்கள் என்று தெரிந்த காது அந்த மேடையில் ஒன்று இருந்தது. மற்ற இருவரின் காதுக்கு அது எட்டியிருக்குமா?

உடனே ஒரு நண்பர் கேட்பார்: அப்படியானால் ஆள் எங்கிருந்து வந்தான் என்று பார்த்துத் தீர்ப்பைச் சொல்லிவிடலாமா, இது என்ன ஜாதகமா? சங்கரன் நாயரையே வைத்துப் பதில் சொல்கிறேன். 1897இல் காங்கிரஸ் தலைவர். 1907இல் அரசின் அட்வகேட் ஜெனரல். 1908இல் நீதிபதி. 1915இல் வைசிராயின் நிர்வாக சபை. 1919இல் பஞ்சாப் அட்டூழியங்களுக்குப் பிறகு ராஜினாமா. எந்த ஜாதகக்காரராலும் இந்த வரிசையைக் கணித்திருக்க முடியாது. காந்தியைத் தாக்கி 1922இல் அவர் எழுதிய புத்தகத்தில் ஓட்வயரைப் பற்றிச் சொன்னதற்காக லண்டனில் அவதூறு வழக்கு. 1924இல் நீதிபதி மெக்கார்டி ஜெனரல் டயர் செய்தது சரியே என்று ஜூரியிடம் வெளிப்படையாகவே சொன்னார். ஜூரியில் 11 பேர் ஓட்வயர் பக்கம். ஒருவர் மட்டும் இணங்கவில்லை. அவர் ஹரால்டு லாஸ்கி. வாழ்நாளெல்லாம் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர் 500 பவுன் நஷ்டஈடு கட்டினாரே தவிர மன்னிப்புக் கேட்கவில்லை. (2025இல் இதை வைத்து வந்த இந்திப் படம் அவரைக் காங்கிரசும் காந்தியும் இல்லாத தனி வீரராக்கிவிட்டது. வேறு கதை.) முன்கதை தீர்ப்பைத் தீர்மானிப்பதில்லை. எது நம்பத் தகுந்தது, எது நம்பக் கடினம் என்ற எல்லைக்கோட்டை அது போடுகிறது. அந்தக் கோட்டைத் தாண்டுகிறவர்கள் உண்டு. கோடே இல்லை என்பதுதான் பொய்.

நம் சினிமா இந்தப் பொய்யைச் சுத்தியலால் அடித்து நிறுவியிருக்கிறது. (நம் நீதிமன்றங்களில் அந்தச் சுத்தியல் கிடையாது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.) வக்கீலுக்குக் காதல் உண்டு, வறுமை உண்டு, அம்மா உண்டு, நீதிபதி மேஜை நாற்காலி மாதிரி. 1993இல் நடந்த ராஜாகண்ணு வழக்கிலிருந்து 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ வரை இதுதான். பின்னாளில், 2006இல், தானே உயர் நீதிமன்ற நீதிபதியான சந்துருவின் வக்கீல் வாழ்க்கையைச் சொல்லும் படத்திலும் மேடைமேல் இருப்பவர்களுக்கு வரலாறு இல்லை. விதிவிலக்கு ‘பராசக்தி’. கூண்டில் நிற்பவள் தன் தங்கை என்று தெரிந்ததும் நீதிபதி மயங்கி விழுகிறார். ரங்கூனிலிருந்து வந்த அண்ணன் என்ற முன்கதை நீதிமன்றத்துக்குள் உடைந்து கொட்டுகிறது. 1952இல் மெலோடிராமா என்று முகம் சுளித்த விமர்சகர்கள் அந்த மயக்கத்தில் எழுவாய் தோன்றியதைக் கவனிக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் ஐ.சி.எஸ். மரபு சட்டென்று அறுந்துவிடவில்லை. வக்கீல் தொழிலே பார்க்காத வாஞ்சூ 1967இல் இந்தியாவின் தலைமை நீதிபதியானார். கீழே மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் வேறொரு வகை ஏணி. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு, போஸ்டர் ஒட்டியதற்காகப் பிடிபட்ட நண்பர்களை இரவில் ரிமாண்டுக்குக் கொண்டுபோனபோது கூடப் போயிருந்தேன். மாஜிஸ்திரேட் என்னைவிட இளையவர். “போலீஸ் அடிச்சாங்களா?” என்று கேட்டார். அடித்த ஏட்டு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நண்பன் தலையை ஆட்டினான், ஆமாவா இல்லையா என்று தெரியாத ஆட்டல். ‘துன்புறுத்தல் புகார் இல்லை’ என்று பதிவாயிற்று. வெளியே வந்ததும் எங்கள் வக்கீல் சொன்னார்: “காலேஜ் முடிச்சி நேரா பரீட்சை எழுதி வந்தவர் தம்பி. ஸ்டேஷன் வாசப்படியை மிதிச்சிருக்கவே மாட்டார். ஏட்டை வெளியே அனுப்பிட்டுக் கேக்கணும்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது ஏறக்குறைய இதைத்தான்: முன்சீப் பரீட்சை எழுத மூன்றாண்டு வக்கீல் தொழில் கட்டாயம். 1993இல் சொன்னதை 2002இல் கைவிட்டு, மறுபடி எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வக்கீல் சந்தோஷப்பட்டிருப்பார். எனக்கு முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. ஜூனியர் வக்கீலின் முதல் மூன்றாண்டு எப்படிப்பட்டது? சீனியர் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் வாய்தா வாங்கினால் பஸ் காசு கிடைக்கும், சில நாள் அதுவும் இல்லை. அப்பன் வக்கீலாக இருந்தால் தாங்கலாம். பள்ளிக்கூடம் பார்க்காத வீட்டிலிருந்து வந்தவர், அதிலும் பெண், தாங்குவாரா? உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் தலித் நீதிபதி வரதராஜனும் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவியும் முன்சீப் படியில் கால் வைத்து ஏறியவர்கள் என்பதை மறக்க முடியாது. ஒருவருக்கு 1980, இன்னொருவருக்கு 1989. அனுபவம் வேண்டும், அந்த அனுபவத்தை யார் காசில் வாங்குவது என்று தீர்ப்பு பேசவில்லை. அதை எழுதியவர்களின் ஜூனியர் நாட்கள் எப்படிக் கழிந்தன என்றும் அதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போலீஸ் ஸ்டேஷனை உள்ளும் புறமும் அறிந்த கிரிமினல் வக்கீலுக்கு வராந்தாவில் எப்போதும் ஒரு படி கீழேதான் இடம். கெட்டிக்காரர் என்பார்கள்; ‘லா தெரிந்தவர்’ என்ற பட்டம் ஜமீன் சொத்து, தத்து, உயில் நடத்தியவருக்கு. எத்திராஜ் குற்றவியல் பக்கம் கொடிகட்டிப் பறந்தவர், சென்னையில் கிரௌன் பிராசிக்யூட்டரான முதல் இந்தியர், பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கிலிருந்து 1947இல் விடுதலையானதில் அவர் பெயர் சேர்ந்தே பேசப்படுகிறது. அவர் விட்டுப் போனது 1948இல் தொடங்கிய ஒரு பெண்கள் கல்லூரி. தீர்ப்புத் தொகுதிகளில் அவர் பெயர் வக்கீல்கள் வரிசையில்தான் வரும். கைதியின் பக்கம் உட்கார்ந்து கேட்டுப் பழகிய அறிவு மேடைக்கு ஏறாமலே போவது இப்படித்தான்.

வ.உ.சி.க்கு வருகிறேன். சன்னது போன பிறகு அவர் சென்னையில் மளிகைக் கடை வைத்தார், எண்ணெய் விற்றார். ராஜத்துரோகி என்ற தீர்ப்பு முடிந்துபோன தண்டனையாக இல்லாமல் தினசரி வயிற்றுப்பாடாக நீண்டது. கடைசியில் சன்னதைத் திரும்பப் பெற உதவியவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அவரும் ஐ.சி.எஸ்.தான், திருநெல்வேலி நாட்களிலேயே வ.உ.சி.யை அறிந்தவர். வ.உ.சி. கோவில்பட்டிக்குப் போய் மறுபடி கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு மாஜிஸ்திரேட்டுகள் முன் நின்றார். உத்தரவில் அந்த நீதிபதியின் முன்கதை இருந்திருக்காது. வ.உ.சி. தன் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.