மடியின் பெயரால் ஓர் ஆணை

அமராவதிக் கரையில், தாராபுரத்தில், மாட்டுத் தொழுவமும் உண்டு. மகப்பேற்று மனையும் உண்டு. இரண்டையும் இணைத்துப் பேசப்படும் மருந்து ஆக்ஸிடோசின்!

பால் கறக்க மாட்டுக்கு அதை ஊசியாகப் போடுகின்றனர் என்று காரணம் காட்டி, உள்நாட்டுத் தேவைக்குத் தனியார் அதைத் தயாரிக்கலாகாதென 2018-இல் மத்திய அரசு ஆணையிட்டது. கர்நாடகா ஆண்டிபயாடிக்ஸ் என்ற அரசு நிறுவனம் ஒன்றே நாடு முழுமைக்கும் தருமாம்!

பிள்ளை பெற்றதும் பெருகும் குருதியைத் தடுக்க, கருப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்தன்றோ அது? 10 யூனிட் ஊசி காக்கும் உயிரை, ஒரே ஆலையை நம்பி விடுவதா? ஆலை நின்றால், ‘தலைவிதி’ என்பரோ?

ஆணைக்கு அறிவியல் அடிப்படை இல்லையென்று கூறி, அவ்வாண்டு டிசம்பரில் டில்லி உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

தோழர்களே, நோக்கம் நல்லதாயினும் ஆதாரம் கேட்போம். கோயில் சொன்னாலும் கேட்போம். கோட்டை சொன்னாலும் கேட்போம்!