இரண்டாவது ஜாய்ஸ்டிக்: கான்ட்ராவில் உயிர்க்கடன்

கான்ட்ரா என்றதும் நம் பேச்சு நேராகக் கோடை விடுமுறைக்குப் போய்விடுகிறது. கேசட்டை ஊதிச் செருகியது, பாதியில் கரண்ட் போனது, அம்மா திட்டியது. இந்த ஏக்கத்துக்கு நடுவில் விளையாட்டு என்ன செய்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. நான் இங்கே பேச விரும்புவது இருவர் ஆடும் கான்ட்ராவைப் பற்றி மட்டும்.

கோனாமி 1987இல் இதை ஆர்கேட் விளையாட்டாக வெளியிட்டது. 1988இல் நிண்டெண்டோவின் வீட்டுக் கருவிக்கு வந்தது. நம்மில் பலருக்குக் கிடைத்தது அந்தக் கருவியின் மலிவான நகல்களில்தான். எட்டு ஸ்டேஜ், ஆளுக்கு மூணு லைஃப்.

முதல் ஸ்டேஜில் திரை பக்கவாட்டில் நகர்கிறது. ஒருவர் இடது ஓரத்தில் தங்கிவிட்டால் திரையும் நின்றுவிடும். முன்னால் ஓடியவர் காத்திருக்கத்தான் வேண்டும். மூன்றாவது ஸ்டேஜ் அருவி. இங்கே திரை மேலே ஏறுகிறது. வேகமானவர் தாவ, கீழே நிற்பவர் திரைக்கு வெளியே விழுந்து சாகிறார். எந்த எதிரியும் அவரைச் சுடவில்லை. திரை நகரும் திசை மாறியதற்கே கூட்டாளி ஆபத்தானவனாகிவிடுகிறான்.

அதைவிட முக்கியமானது லைஃப் விஷயம். தன்னுடையது தீர்ந்துபோனவர் கூட்டாளியின் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அனுமதி தேவையில்லை. "டேய், என் லைஃப எடுக்காதடா!" என்று கத்தலாம், அவ்வளவுதான். அது கடனா திருட்டா என்று விளையாட்டு சொல்வதில்லை. ஆடுகிற இருவரும்தான் தீர்த்துக்கொள்ளணும்.

நம்மூர்க் கேசட்டுகளின் மெனுவில் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் இருப்பதாகப் போட்டிருக்கும். திறந்தால் பழைய விளையாட்டே வேறு ஸ்டேஜிலிருந்தோ கூடுதல் லைஃபோடோ தொடங்கும். இதை வெறும் ஏமாற்று என்று ஒதுக்க முடியாது. ஒரு விளையாட்டைப் பல வடிவங்களில் தருவது பழைய மரபு. 1977இல் அட்டாரியோடு வந்த 'காம்பாட்' ஒரே கேசட்டில் 27 வடிவங்கள் கொண்டது: கண்ணுக்குத் தெரியாத டாங்கிகள், சுவரில் பட்டுத் திரும்பும் குண்டுகள், ஒரு பெரிய விமானத்துக்கு எதிராக மூன்று சிறிய விமானங்கள். அங்கே விதிகளே மாறின.

முப்பது லைஃப் கான்ட்ரா மாற்றுவது எண்ணிக்கையை மட்டும்தான். காஸுஹிசா ஹாஷிமோட்டோ 1986இல் 'கிராடியஸ்' விளையாட்டுக்காக வைத்த 'மேலே மேலே கீழே கீழே' குறியீடு இங்கே முப்பது லைஃப் தரும். ஆனால் அதோடு கடனுக்கு மதிப்பே போய்விடுகிறது. முப்பதில் ஒன்றை யார் எடுத்தால் என்ன? ஒருத்தரும் கத்துவதில்லை, ஒருத்தரும் நன்றியோடு இருப்பதுமில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த வடிவம்தான் விளையாட்டைக் கெடுத்தது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வளர்ந்தவனுக்கு இது வேறு மாதிரியும் தெரியும். கோர்வைச் சேலைக்கு ரெண்டு பேர் வேண்டும். குழித்தறியில் நெசவாளர் நெய்ய, பக்கத்திலிருக்கும் துணையாள் ஒரு பக்கக் கரைக்கான நாடாவைத் தள்ளணும். உடலும் கரையும் ஒவ்வொரு ஊடையிலும் கோர்த்துக்கொள்கின்றன. துணையாள் தாமதித்தால் தறி நிற்கும், கான்ட்ராவின் முதல் ஸ்டேஜ் மாதிரியே. ஆனால் சேலையைப் பார்க்கிறவர்கள் துணையாளைப் பற்றிக் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் அப்பாவுக்குத் துணையாள் அண்ணன். டிவி முன்னால் முதல் ஜாய்ஸ்டிக் அவனுக்கு, இரண்டாவது எனக்கு. நிண்டெண்டோவின் ஜப்பானிய மூலக்கருவியில் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட் பட்டனே கிடையாது. எங்கள் நகலிலும் அப்படித்தான். விளையாட்டை நிறுத்தும் உரிமை அண்ணனிடம் இருந்தது. நாள் முழுக்கத் தறியின் வேகத்துக்கு ஓடியவனுக்கு அந்த ஒரு பட்டனாவது கிடைத்ததே என்று இப்போது தோன்றுகிறது.

கருவி இப்படிப் பாரபட்சம் காட்டினாலும் கான்ட்ரா காட்டுவதில்லை. பில்லும் லான்ஸும் ஒரே உயரம் தாவுகிறார்கள், ஒரே துப்பாக்கி, ஒரே மூணு லைஃப். உடையின் நிறம் மட்டும்தான் வேறு. இன்று எமுலேட்டரில் ஆடுகிறவர்களுக்கு நான் சொல்வது: குறியீட்டைப் போடாதீர்கள். இரண்டு பேராக, மூன்று லைஃபோடு அருவி வரை போங்கள். அங்கே யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.