நம்மை அறியாத வைத்தியர்

ஸ்காபரோவின் மார்க்கம் வீதியில் உள்ள பிளாசாக்களில் ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பக் காணலாம்: நகைக்கடை, கொத்துரொட்டி விற்கும் உணவுக்கடை, மருந்துக்கடை, அதற்குப் பக்கத்தில் ‘வோக்-இன் கிளினிக்’ என்ற பலகை. முன்பதிவு தேவையில்லை. மாகாண மருத்துவக் காப்புறுதியான ஒஹிப்பின் அட்டை இருந்தால் காசும் தேவையில்லை. பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஒன்ராறியோவில் 1980-களில் பரவத் தொடங்கிய இந்தக் கிளினிக்குகள் இன்று நம் சனத்தின் அன்றாடத்தோடு கலந்துவிட்டன. பிள்ளைக்குக் காது குத்துகிறதா, அங்கே போகிறோம். அப்பாவின் பிறஷர் குளிசை முடிந்துவிட்டதா, அங்கேதான். நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறதா, அதற்கும் அங்கேதான்.

இந்த மூன்றும் ஒரே வாசலுக்குக் கொண்டுபோக வேண்டியவை அல்ல. காது குத்துக்கு அந்த இடம் நல்லது. பிறஷர் குளிசைக்கு ஒருதரம் போனால் பரவாயில்லை, அதுவே வழக்கமானால் கேடு. நெஞ்சு இறுக்கத்தோடு அங்கே போய்க் குந்தியிருப்பது உயிராபத்து.

அங்கே இருக்கும் வைத்தியர் திறமை குறைந்தவர் என்பதால் இதைச் சொல்லவில்லை. வோக்-இன் கிளினிக்கில் வேலை செய்பவரும் மற்ற வைத்தியர்களைப் போலவே படித்து உரிமம் பெற்றவர். ஒன்ராறியோவில் வைத்தியர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அவரிடமும் அதே தரத்தைத்தான் எதிர்பார்க்கிறது. அவருக்கு இல்லாதது ஒன்றுதான்: உங்களைப் பற்றிய நினைவு. ஆகவே நினைவு தேவைப்படாத வருத்தத்துக்கு அவர் போதும். நினைவு தேவைப்படும் வருத்தத்தில் அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பாதி இருட்டில்தான் வேலை செய்கிறார்.

முதலில் அதன் நன்மைகளைச் சொல்ல வேண்டும்; அவை சின்ன நன்மைகள் அல்ல. நேற்று முளைத்து அடுத்த கிழமை மறைந்துவிடும் வருத்தங்கள் ஏராளம். கத்தி வெட்டிய விரல், சுளுக்கிய கணுக்கால், தொண்டை நோ, தோலில் திடீரென்று எழும்பிய தடிப்பு. இவற்றைப் பார்க்க உங்கள் பத்து வருடக் கோப்பு அவசியமில்லை. பார்த்த கண்ணும் கேட்ட காதும் ஒரு சின்னப் பரிசோதனையும் போதும். குடும்ப வைத்தியரிடம் இரண்டு கிழமை கழித்துத்தான் இடம் கிடைக்கும் என்றால், பிள்ளையின் காது அதுவரை பொறுக்காது. வைத்தியசாலை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனாலோ, மாரடைப்பும் விபத்தும் முன்னே போக, காது குத்துக்காரர் மணிக்கணக்கில் காத்திருப்பார். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வெளியை வோக்-இன் கிளினிக் நிரப்புகிறது. தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட் வேலை செய்பவருக்கும், வந்து இறங்கிக் குடும்ப வைத்தியர் கிடைக்காமல் அலைபவருக்கும் சனி, ஞாயிறில் திறந்திருக்கும் ஒரு கதவு பெரிய ஆறுதல்.

இன்னொரு நன்மையும் உண்டு. நம் சமூகத்தில் அதை வாய் திறந்து சொல்வதில்லை. குடும்ப வைத்தியர் பல வேளைகளில் உண்மையிலேயே குடும்பத்துக்கே வைத்தியர்: மாமியாரும் மருமகளும் ஒரே அறையில் காத்திருப்பார்கள், வரவேற்பு மேசையில் இருப்பவர் ஊர்க்காரராக இருப்பார். வைத்தியர் எந்த இரகசியத்தையும் வெளியே சொல்லப்போவதில்லை. சட்டமும் அவரை அப்படித்தான் கட்டியிருக்கிறது. ஆனாலும் கருத்தடைக் குளிசை கேட்க வரும் இளம்பெண்ணுக்கும், பாலியல் தொற்றுப் பரிசோதனை செய்ய நினைக்கும் பையனுக்கும், கணவன் அடித்த காயத்தைக் காட்ட வேண்டிய மனைவிக்கும் அந்தக் காத்திருக்கும் அறையே தடையாகிவிடுகிறது. யாருக்கும் தங்களைத் தெரியாத, சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு கிளினிக் அவர்களுக்குக் காப்பு. வோக்-இன் கிளினிக்கைக் குறை சொல்லும் சுகாதாரக் கட்டுரைகள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகின்றன. எனக்கு இது அதன் மிகப் பெரிய நன்மையாகவே படுகிறது.

ஆனால் யாருக்கும் நம்மைத் தெரியாது என்ற அதே நிலைதான் மற்றப் பக்கத்தில் தீங்கும் செய்கிறது. ஒருவரை எண்ணிப் பாருங்கள். வயது அறுபது. பிறஷருக்கு ரமிப்ரில் தொடங்கி இரண்டு மாதம். வரட்டு இருமல் பிடித்துக்கொள்கிறது. பக்கத்துக் கிளினிக்குக்குப் போகிறார். தடிமன் காலம், அன்ரிபயோட்டிக் கொடுக்கிறார்கள். இருமல் நிற்கவில்லை. அடுத்த கிழமை வேறொரு கிளினிக், வேறொரு அன்ரிபயோட்டிக். மூன்றாவது இடத்தில் நெஞ்சு எக்ஸ்ரேக்கு எழுதுகிறார்கள். ரமிப்ரில் சேர்ந்த வகை மருந்துகள் சிலருக்கு வரட்டு இருமலைக் கொண்டுவரும் என்பது எல்லா வைத்தியர்களுக்கும் தெரிந்த சங்கதி. மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குளிசை எப்போது தொடங்கியது, இருமல் எப்போது வந்தது என்ற இரண்டு திகதிகளும் ஒரே கண்ணில் படவே இல்லை. அந்தக் குளிசையை எழுதிய குடும்ப வைத்தியருக்கு இது இரண்டு நிமிட வேலை.

கட்டண முறை இந்தத் தீங்கைக் கூட்டுகிறது. வோக்-இன் வைத்தியருக்கு ஒஹிப் ஆளுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது. வழமையான ஒரு சந்திப்புக்கு 2023 அளவில் அது நாற்பது டொலருக்கும் குறைவு. அதில்தான் வாடகை, ஊழியர் சம்பளம், எல்லாமே. ஒருவரிடம் அரைமணி நேரம் இருந்து கதை கேட்டால் கிளினிக் ஓடாது. நேரம் குறையும்போது மருந்துச் சீட்டு நீளுகிறது. ஒன்ராறியோ முதியவர்களைப் பற்றி 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பக்ரீரியாவால் வராத சுவாசத் தொற்றுகளோடு குடும்ப வைத்தியர்களிடம் போனவர்களில் ஏறக்குறைய 46 வீதமானவர்களுக்கு அன்ரிபயோட்டிக் எழுதப்பட்டிருந்தது. நாளொன்றுக்கு அதிகம் பேரைப் பார்க்கும் வைத்தியர்களிடம் அந்தப் பழக்கம் கூடுதலாக இருந்தது. அந்த ஆய்வு வோக்-இன் கிளினிக்குகளை மட்டும் பற்றியதல்ல. ஆனாலும் வேகமே பிழைப்பாகிவிட்ட இடத்தில் என்ன நடக்கும் என்பதை அது காட்டிவிடுகிறது.

தொலைபேசியிலும் காணொளியிலும் நடக்கும் வோக்-இன் சேவைகளில் இந்த விரிசல் இன்னும் தெளிவு. 2023-இல் வெளியான இன்னோர் ஒன்ராறியோ ஆய்வு, குடும்ப வைத்தியர் உள்ள ஆட்களையே இரண்டாகப் பிரித்துப் பார்த்தது: தங்கள் வைத்தியரோடேயே தொலைவழி பேசியவர்கள், அறியாத வைத்தியரோடு பேசியவர்கள். இரண்டாவது கூட்டத்தினர் அடுத்த ஏழு நாட்களுக்குள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு 66 வீதம் அதிகம். வைத்தியமும் ஒன்று, கருவியும் ஒன்று, அறிமுகம்தான் வேறு. நோர்வேயில் 2022-இல் வந்த பெரிய ஆய்வு இதையே நீண்ட காலக் கணக்கில் சொல்கிறது. ஒரே வைத்தியரிடம் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, ஒரு வருடம் மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய கால்பங்கு குறைவாக இருந்தது. ஒரு மருந்து இப்படிப் பலன் காட்டியிருந்தால் உலகம் அதைக் கொண்டாடியிருக்கும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, “சரி, குடும்ப வைத்தியர் எங்கே இருக்கிறார்?” என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கோபம். ஒன்ராறியோ குடும்ப வைத்தியர் கல்லூரி 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி 25 இலட்சம் பேருக்குக் குடும்ப வைத்தியரே இல்லை. அவர்கள் சோம்பலினால் வோக்-இன் கிளினிக்குக்குப் போகவில்லை. வேறு கதவு இல்லாததால் போகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லும் எந்தப் பேச்சையும் நான் ஏற்பதில்லை.

குடும்ப வைத்தியர் உள்ளவர்கள் விடயத்திலும் அரசாங்கம் கட்டிய கொடுப்பனவு முறையில் ஒரு வளைவு இருந்தது. 2000-களில் ஒன்ராறியோ பல வைத்தியர்களுக்கு ஆளுக்கு வருடம் இவ்வளவு என்ற அடிப்படையில் பணம் கொடுக்கத் தொடங்கியது. தங்களிடம் பதிந்தவர்கள் வெளியே வோக்-இன் கிளினிக்குக்குப் போகாவிட்டால் மேலதிக ஊக்கத்தொகை. போனால் அதிலிருந்து வெட்டு. ஆனால் அதே ஆள் வைத்தியசாலை அவசரப் பிரிவுக்குப் போனால் வெட்டு இல்லை. “நீங்கள் வோக்-இன் போனதால் எங்களுக்கு நட்டம், இனிப் போனால் பதிவிலிருந்து எடுத்துவிடுவோம்” என்று சிலருக்குக் கடிதம் வந்ததன் பின்னணி இதுதான். 2019-இல் ஹெல்த் அஃபெயர்ஸ் இதழில் வந்த ஆய்வு, இந்த ஊக்கத்தொகை கூடுதலாகப் போய்ச் சேர்ந்தது எவரிடம் என்று பார்த்தது: பெருநகரங்களுக்கு வெளியே உள்ள வைத்தியர்களிடமும், மாலை நேர சேவை குறைவாக, அவசரப் பிரிவுக்குப் போவது அதிகமாக இருந்த நோயாளர்களைக் கொண்ட வைத்தியர்களிடமும். மலிவான கதவை மூடி விலை கூடிய கதவைத் திறந்துவிட்ட ஏற்பாடு அது. அதன் பழியை இரவு எட்டு மணிக்குக் காய்ச்சல் பிள்ளையோடு நிற்கும் தாயின் தலையில் கட்டுவது அநியாயம்.

இனி, எப்போது எங்கே போவது என்ற நடைமுறைக்கு வருவோம். நெஞ்சு நோ, நெஞ்சு இறுக்கம், மூச்சு எடுக்கக் கஷ்டம், முகம் ஒரு பக்கம் கோணுதல், கை விழுதல், பேச்சுக் குழறுதல், என்றும் இல்லாத கடும் தலையிடி, நிற்காத இரத்தம், மயக்கம் — இவற்றில் எது வந்தாலும் 911. தெற்காசியர்களான நமக்கு நீரிழிவும் இருதய வருத்தமும் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகின்றன. நீரிழிவுக்காரருக்கு மாரடைப்பு நெஞ்சு நோ இல்லாமல், வெறும் களைப்பும் வியர்வையும் சத்தியுமாக வரலாம். வோக்-இன் கிளினிக்கில் ஈசிஜி கருவி இருந்தாலும், மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்துப் பார்க்கும் வசதி இருக்காது. கடைசியில் அவர்களும் அம்புலன்ஸைத்தான் கூப்பிடுவார்கள். அதற்குள் நேரம் போய்விடும். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் மருந்து பெரும்பாலும் முதல் நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும். அம்புலன்ஸ்காரர் பக்கவாத சிகிச்சை உள்ள வைத்தியசாலைக்கே நேரே கொண்டுபோவார். மகன் காரில் ஏற்றிக்கொண்டு போனால் கிட்ட இருக்கும் வைத்தியசாலைக்குத்தான் போவார். செலவுக்குப் பயந்து தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஒஹிப் உள்ளவருக்கு, மருத்துவத் தேவை இருந்தால், அம்புலன்ஸ் கட்டணம் 45 டொலர்தான்.

எலும்பு முறிந்ததோ என்ற சந்தேகத்துக்கும் வோக்-இன் சரியான இடம் அல்ல. பல இடங்களில் எக்ஸ்ரே அங்கேயே கிடையாது, சீட்டுத்தான் தருவார்கள். பிரம்டனில் பீல் மெமோரியல் போல, வைத்தியசாலைகள் நடத்தும் அவசரமற்ற விரைவு சிகிச்சை நிலையங்களில் எக்ஸ்ரேயும் ஆய்வுகூடமும் உண்டு. அவை வேறு, பிளாசாக் கிளினிக் வேறு. மற்றப் பக்கத்தில், வோக்-இன் வரை கூடப் போகத் தேவையில்லாதவையும் உண்டு. 2023 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோ மருந்தாளர்கள் கண் நோய், பெண்களின் சாதாரண சிறுநீர்த் தொற்று போன்ற 13 சிறு வருத்தங்களுக்குத் தாங்களே மருந்து எழுதலாம். அதே வருடம் அது 19 ஆனது. எங்கே போவது என்று குழப்பமென்றால் 811-ஐ அழைத்துத் தாதியிடம் கேட்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம்.

போவதென்று முடிவெடுத்தால், வைத்தியரிடம் இல்லாத நினைவை நீங்கள் கொண்டுபோங்கள். குடிக்கும் எல்லாக் குளிசைப் போத்தல்களின் லேபிள்களையும் தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருங்கள். எப்போது தொடங்கியவை என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்த மருந்து, கடையில் வாங்கிய நோ மாத்திரை, சித்த மருந்து எல்லாம் அதில் அடங்கும். பிறஷர் குளிசையும் சலம் போகும் குளிசையும் எடுப்பவருக்கு நாரி நோவுக்கென்று எழுதப்படும் ஐபுபுரோபன், நப்ரொக்சன் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அந்தப் படத்தைக் காட்டினால் இது தவிர்க்கப்படும். இரத்தமோ சலமோ பரிசோதனைக்குப் போனால், முடிவை யார் சொல்வார், எத்தனை நாளில், அழைப்பு வராவிட்டால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்று கேட்காமல் வெளியே வர வேண்டாம். முடிவின் பிரதியைக் குடும்ப வைத்தியருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். வோக்-இன் வைத்தியத்தில் மிக மோசமான தவறுகள் நடக்கும் இடம், என் எண்ணத்தில், பரிசோதனை அறை அல்ல. யாரும் எடுத்துப் பார்க்காத பரிசோதனை முடிவுதான்.

குடும்ப வைத்தியரே இல்லாதவர், கூட்டம் குறைந்த கிளினிக்கைத் தேடி ஒவ்வொருதரமும் மாறி மாறிப் போகக்கூடாது. ஒரே கிளினிக்குக்கு, முடிந்தால் அதே வைத்தியர் இருக்கும் நாளிலேயே போங்கள். அங்கே ஒரு கோப்பு வளரும். இரண்டு வருடத்தில் அது ஓரளவு குடும்ப வைத்தியமாகவே மாறும். நீண்டகால வருகைக்கான சுப்பர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு ஒஹிப் இல்லை என்பதால் கிளினிக்கில் கையிலிருந்து காசு கட்டி, பிறகு காப்புறுதியிடம் கேட்க வேண்டிவரும். பற்றுச்சீட்டும் வைத்தியரின் குறிப்பும் கையில் இல்லாமல் திரும்ப வேண்டாம்.

ஒன்ராறியோ 2025-இல் முன்னாள் கனேடிய சுகாதார அமைச்சர் ஜேன் பில்பொட் தலைமையில் 180 கோடி டொலர் திட்டம் ஒன்றை அறிவித்து, 2029-க்குள் எல்லோருக்கும் குடும்ப வைத்தியரோ வைத்தியக் குழுவோ கிடைக்கும் என்றிருக்கிறது. கிடைக்கட்டும். ஆனால் அந்த வைத்தியரின் கதவு மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்பட்டால் சனம் திரும்பவும் பிளாசாவுக்குத்தான் போகும். இன்றைக்கே, ஆளுக்கு வருடம் இவ்வளவு என்ற முறையில் இயங்கும் வைத்தியக் குழுக்கள் தங்களிடம் பதிந்தவர்களுக்கு மாலையிலும் வார இறுதியிலும் சேவை கொடுக்கக் கடமைப்பட்டவை. அங்கே பார்ப்பவர் வேறு வைத்தியராக இருந்தாலும் பல குழுக்களில் உங்கள் கோப்பு அவருக்கு முன்னால் இருக்கும். பதிந்தவர்களில் எத்தனையோ பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தொலைபேசியில் “அலுவலகம் மூடப்பட்டுள்ளது, அவசரமென்றால் 911” என்று மட்டும் ஒலிக்கும் அலுவலகங்கள், மாலைக் கிளினிக்கின் நேரத்தையும் இலக்கத்தையும் அந்தச் செய்தியிலேயே, ஸ்காபரோவில் தமிழிலும், சொல்ல வேண்டும். சொல்லும்வரை, அடுத்தமுறை போகும்போது வரவேற்பு மேசையில் அந்த நேர அட்டவணையைக் கேட்டு வாங்கிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.