எழுதியவர் பேசக் கூடாத வகுப்பு

படைப்பெழுத்துக்கு முதுகலைப் பட்டம் என்ற ஏற்பாடு அமெரிக்காவின் அயோவாவில் வேர்விட்டது. கதையையும் கவிதையையும் மேற்பட்டத்துக்கான ஆய்வேடாக ஏற்பதாக அந்தப் பல்கலைக்கழகம் 1922-இல் அறிவித்தது. 1936-இல் எழுத்தாளர் பட்டறை தொடங்கியது. அதைப் பெரிதாக வளர்த்தவர் பால் எங்கிள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், அரசு உதவித்தொகையில் படிக்கவந்த படைவீரர்களால் வகுப்புகள் நிரம்பின. ஜார்ஜியாவிலிருந்து வந்த ஃப்ளானரி ஓ'கானரின் உச்சரிப்பு எங்கிளுக்குப் பிடிபடாமல், சொல்ல வந்ததைத் தாளில் எழுதித் தரும்படி கேட்டாராம். 1947-இல் பட்டம் பெற்ற ஓ'கானர், அந்நாட்டின் மிகச் சிறந்த சிறுகதையாளர்களில் ஒருவரானார்.

பட்டறையின் நடைமுறை எளிது. கதை முன்கூட்டியே எல்லோர் கைக்கும் போய்விடும். பத்துப் பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து அதை அலசுவார்கள். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. அச்சான கதைக்குப் பக்கத்தில் நின்று ஆசிரியர் விளக்கம் சொல்ல முடியாது என்பதால், இந்த மௌனத்தில் நியாயம் உண்டு. ஆனால் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் யார் என்பதைப் பொறுத்தது அந்த நியாயம்.

சிகாகோவின் மெக்சிக வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த சான்ட்ரா சிஸ்நெரோஸ் எழுபதுகளின் பிற்பகுதியில் அயோவாவில் படித்தார். ஒரு வகுப்பில் பிரெஞ்சுத் தத்துவவாதி பாஷ்லாரின் நூலை முன்வைத்து, நினைவில் வாழும் வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. பரண், மாடிப்படி, நிலவறை என்று மற்றவர்கள் இயல்பாகப் பேசினார்கள். வாடகை வீடுகளில் வளர்ந்தவருக்கு அப்படியொரு வீடே இருந்ததில்லை. அந்த அந்நியத்திலிருந்துதான் 1984-இல் வெளியான 'மேங்கோ தெரு வீடு' பிறந்தது. பட்டறையின் வெற்றி என்று இதைக் கணக்கெழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் வகுப்பை மீறி எழுதினார். மீறும் தெம்பில்லாமல் ஒதுங்கிப்போனவர்களின் நூல்கள் நம் கைக்கு வரவே இல்லை. கார்னெல் பல்கலைக்கழகப் பட்டறையில் தான் கண்ட வெள்ளையர் மையப் பார்வையை எழுத்தாளர் ஜூனோ டியாஸ் 2014-இல் கடுமையாக எழுதினார். 2021-இல் மேத்யூ சலெசஸ், எழுதியவரையும் பேசவிடும் மாற்று முறைகளை நூலாகவே தந்தார். மௌன விதியைத் தளர்த்துவதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன்.

பிரிட்டனில் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகம் 1970-இல் இந்தப் படிப்பைத் தொடங்கியது. முதல் மாணவர் இயன் மக்யூவன். பின்னர் வந்த கசுவோ இஷிகுரோ அங்கே எழுதியது அவரது முதல் நாவலாக 1982-இல் வெளியானது.

தமிழ் வாசகருக்கு அயோவா என்றதும் அசோகமித்திரனின் 'ஒற்றன்' நாவல் நினைவுக்கு வரும். அவர் போனது பட்டப் படிப்புக்கு அல்ல, 1967-இல் எங்கிளும் ஹுவாலிங் நியேவும் தொடங்கிய பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்துக்கு. பட்டறையிலேயே படித்தவர், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த வி.வி. கணேசானந்தன். யாழ்ப்பாணத்தின் போர்க்காலத்தைச் சொல்லும் அவரது நாவல் 2024-இல் பெண்கள் புனைவுப் பரிசை வென்றது.

இந்தப் படிப்பு உண்மையில் தருவது அவகாசத்தைத்தான்: பிழைப்புக் கவலையில்லாமல் எழுத இரண்டு ஆண்டுகள். எழுத்தை முழுதாகக் கற்பித்துவிட முடியாது என்பதை அயோவாவே ஓரளவு ஒப்புக்கொள்கிறது. அதனால் உதவித்தொகையோடு சேர்த்துக்கொள்ளும் துறைகளை நான் மதிக்கிறேன். பெருங்கடன் வாங்கிக் கட்டணம் கட்டச் சொல்லும் துறைகள், எழுத்தாளருக்குத் தரவேண்டிய அந்த ஒன்றையே பறித்துக்கொள்கின்றன.