தழும்பில் ஒரு சந்து

கோடை வருமுன் பழனி மலைச் சரிவுகளில் தீத்தடுப்புக் கோடு போடுவார்கள். கோட்டில் ஓரிடத்தில் புல் மறுபடி முளைத்தால் தீ அங்கேதான் தாண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதய மேலறைத் துடிப்புக் குழப்பத்துக்காக நுரையீரல் சிரைகளின் வாயைச் சுற்றி இடும் சூட்டுத் தழும்பும் அப்படித்தான். படபடப்பு திரும்பியவர்களில் பலருக்கு அந்த வளையத்தில் எங்கோ சில மில்லிமீட்டர் திசு உயிர்பிடித்திருக்கும். மறு சிகிச்சைக்காகக் கொடைக்கானல்காரர் மதுரைக்கோ கோவைக்கோ இறங்கும்போது, ரசிக்க வேண்டியது அந்தச் சந்தைத் தேடும் வரைபட வேலையைத்தான். துடிக்கும் இடது மேலறைச் சுவரைக் கதீட்டர் தொட்டுத் தொட்டு நகர, திரையில் தழும்பு சிவப்பாகவும் நல்ல திசு ஊதாவாகவும் மெல்ல விரியும்.

வண்ணம் பூசுவது கணினிதானே, கைத்திறன் எங்கே என்று கேட்கலாம். கதீட்டர் சரியாகப் பதியாவிட்டால் நல்ல திசுவின் மின்னழுத்தமும் 0.5 மில்லிவோல்ட்டுக்குக் கீழே பதிவாகி, அது தழும்பு வேடம் போடும். இடது மேல் சிரைக்குள் தெரியும் சிறு மின்னலை, பக்கத்திலுள்ள மேலறைப் பையினுடையதாக இருக்கலாம். பையைத் தூண்டிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: பையின் அலை தூண்டுதலோடு ஒட்டிக்கொள்ளும், சிரையின் சொந்த அலை பிந்தி வரும். இந்த நுணுக்கம் எதற்கு, வளையம் முழுவதையும் மறுபடி சுட்டால் போயிற்று என்றால், சுவருக்குப் பின்னால் ஒட்டியபடி உணவுக்குழாய் இருக்கிறதே! குறைவாகச் சுடுவதற்குத்தான் இவ்வளவு பொறுமை. ஒன்று உண்மை: சிரைகள் எல்லாம் மின்தொடர்பு துண்டிக்கப்பட்டே இருப்பவரிடம் வரைபடம் இத்தனை தெளிவாகப் பேசாது; அடுத்து எங்கே சுடுவது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்தில்லை.