ஐந்து, மூன்று, மூன்று

மாதிரி ரயில் அமைக்கப் பெரிய கூடம் வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ஆலன் ரைட் வகுத்த ‘இங்கிள்நூக்’ சரக்கு யார்டு ஓர் அலமாரித் தட்டில் அடங்கிவிடும். மூன்று கிளைப் பாதைகள், தடம் மாற்றும் இரண்டு பாயிண்ட்டுகள், ஓர் எஞ்சின், எட்டு வேகன்கள், அவ்வளவுதான். ஒரு பாதையில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும் பாதையில் அதனோடு மூன்று வேகனுக்கே இடம்.

வேகனுக்கு ஒன்றாக எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி, ஐந்தை எடுக்க வேண்டும். வந்த வரிசையிலேயே அந்த ஐந்து வேகன்களையும் கோத்து ரயிலாக்க வேண்டும். வரக்கூடிய வரிசைகள் 6,720! இடநெருக்கடிதான் இந்த ஆட்டத்தின் உயிர். பாதையைத் தாராளமாக நீட்டினால் சுவை போய்விடும்.

பலகையை இரண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைத்தால், கழற்றி எங்கும் கொண்டுபோகலாம். ஆனால் இணைப்பின் மேல் பாயிண்ட் வரக் கூடாது. ‘ஓஓ’ என்னும் மாதிரி அளவில் தண்டவாள இடைவெளியே 16.5 மில்லிமீட்டர்தான், முனைகள் சற்று விலகினாலும் சக்கரம் தடம்புரளும்.

ஆகவே, ஆணி அடிக்கும் முன் முழு அளவில் தாளில் வரையுங்கள். அதன்மேல் வேகன்களை நிறுத்தி அளந்து பாருங்கள். நல்ல யார்டு தாளிலேயே உருவாகிவிடுகிறது.