அடித்தவர் அகராதி

தென் லண்டன் கேம்பர்வெல்லில் உள்ள ஆர்க் ஆல் செயின்ட்ஸ் அகாடமி, வகுப்பிலும் எழுத்திலும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய சொற்கள் என்று ஒரு பட்டியல் போட்டது 2021இல் செய்தியானது. 'பேசிக்கலி', 'ஓ மை டேஸ்' வகையறாவுக்கு நடுவே 'தட்ஸ் எ நெக்' என்ற தொடரும் அதில் இருந்தது. உளறிக்கொட்டிய கூட்டாளியைப் பார்த்து 'இதுக்கு உனக்குப் பிடரியில ஒண்ணு வைக்கணும்' என்கிற பொருளில் பையன்கள் சொல்வது. சில வேளை கையும் சேர்ந்து பேசும். முறையான இடத்தில் முறையான மொழி வேண்டும் என்பது பள்ளியின் வாதம். அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் இப்படி ஒரு பட்டியல் வரும்போதெல்லாம் ஒரு பழைய புலம்பலும் கூடவே வந்துவிடுகிறது. அந்தக் காலத்து லண்டன் கொச்சைமொழி குறும்பானது, நகைச்சுவை மிக்கது. முரட்டுத்தனமெல்லாம் பின்னால் கப்பலேறி வந்தது என்பதுதான் அது.

2011 ஆகஸ்டில் டாட்டன்ஹாமில் மூண்ட கலவரத்தின் சூடு ஆறுவதற்குள் வரலாற்றாசிரியர் டேவிட் ஸ்டார்க்கி பிபிசியின் நியூஸ்நைட்டில் அமர்ந்து, இங்கிலாந்துக்குள் புகுந்துவிட்ட ஜமைக்கப் பேச்சையும் வன்முறையையும் ஒரே மூச்சில் பேசினார். பலத்த எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் அந்த எண்ணம் சாகவில்லை. நம்மவர்களிடமும் இருக்கிறது: ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் 'கறுப்பர் பாஷை பேசாதே' என்று அதட்டுவது புதுச் செய்தியல்ல. அடி, உதை, தண்டனை குறித்த ஆங்கிலச் சொற்களின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினாலே இந்த எண்ணம் ஆட்டம் கண்டுவிடும்.

பதினாறாம் நூற்றாண்டின் கள்ளர்மொழிச் சிற்றேடுகளை வேகமாகக் கடந்துவிடலாம். எலிஷா கோல்ஸ் 1676இல் வெளியிட்ட அகராதியில் சாட்டையால் அடிப்பதைக் குறிக்கும் 'ஃப்ளாக்' என்ற சொல் கள்ளர் வழக்கு என்ற குறிப்போடு வருகிறது. பிற்பாடு அதுவே ராணுவமும் நாடாளுமன்றமும் கூசாமல் ஆளும் சொல்லானது. கள்ளனிடமிருந்து சொல்லைப் பிடுங்கி அவன் முதுகிலேயே விளாசினார்கள்.

நின்று பார்க்க வேண்டிய முதல் ஆள் கேப்டன் ஃப்ரான்சிஸ் க்ரோஸ். பருத்த உடம்பு, பழம்பொருள் பித்து, அப்பன் சொத்தைக் கரைத்த கை. உதவியாளரைக் கூட்டிக்கொண்டு இரவுகளில் லண்டன் சேரிகளிலும் சாராயக் கடைகளிலும் சுற்றிப் பொறுக்கிய சொற்களை 1785இல் பாமரர் மொழி அகராதியாக வெளியிட்டார். அடிக்கு அவர் தரும் சொற்களைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் பழகிய வீட்டுக்குள் நுழைந்தது போலிருக்கும். 'மகிழ்ச்சித் தைலம் பூசுவது' என்றால் அடிப்பது. நாம் 'பூசை போடுவது', 'சாத்துப்படி' என்று கோயிலிலிருந்து எடுத்ததை அவர்கள் பைபிளிலிருந்து எடுத்திருக்கிறார்கள். 'விலா வறுவல்' சமையலறையிலிருந்து வந்தது. 'டான்னிங்' தோல் பதனிடும் தொட்டியிலிருந்து வந்தது. நமக்குத் தோலை உரிப்பது இருக்கிறது, வண்ணான் துறையிலிருந்து வெளுத்து வாங்குவது இருக்கிறது. பள்ளி ஆசிரியருக்குப் பெயர் 'பம் பிரஷர்', அதாவது பிள்ளைகளின் பிட்டத்தில் தூசி தட்டுபவர்.

சிரிப்பு வருகிறது. ஆனால் 'காற்றும் உடற்பயிற்சியும்' என்ற பதிவுக்கு வரும்போது சிரிப்பு நின்றுவிட வேண்டும். வண்டியின் பின்னால் கட்டி, தெரு வழியே சவுக்கால் அடித்துக்கொண்டே இழுத்துப் போகும் தண்டனைக்கு அந்தக் காலத்தார் வைத்த பெயர் அது. அடி வாங்கியவனுக்கு இந்த நகைச்சுவை தோன்றியிருக்குமா, வேடிக்கை பார்த்தவனுக்கா, அடித்தவனுக்கா? கடற்படையில் சிறுவர்களைப் பீரங்கி மேல் குப்புறக் கட்டி அடிப்பதற்கு 'பீரங்கிக்காரர் மகளை முத்தமிடுவது' என்று பெயர். அந்தச் சொல்லைப் படைத்தவன் பீரங்கி மேல் கிடந்த பன்னிரண்டு வயதுப் பையனாக இருக்க முடியாது. தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களின் 'கவனிப்பு', 'லாடம் கட்டுவது', அண்மைக் காலத்து 'பாத்ரூமில் வழுக்கி மாவுக்கட்டு' எல்லாமே எந்தப் பக்கத்திலிருந்து பிறந்தவை என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொச்சைமொழி கீழேயிருந்து எழும் எதிர்மொழி என்பது இன்று ஏறக்குறைய வேதவாக்கு. அடியைப் பற்றிய சொற்களில் பாதிக்கும் மேல் அந்த வாக்குக்கு அடங்குவதில்லை.

அடங்கும் காலம் ஒன்று உண்டு. அது குத்துச்சண்டைக் காலம். 1812இல் 'பாக்சியானா' வரிசையைத் தொடங்கிய பியர்ஸ் ஈகன், க்ரோஸின் அகராதிக்கு 1823இல் புதுப் பதிப்பும் கொண்டுவந்தவர். அவர் நடையில் ரத்தம் 'கிளாரட்', அதாவது பிரெஞ்சுச் செந்திராட்சை மது. வயிறு 'ரொட்டிக் கூடை'. பல் 'தந்தம்'. முஷ்டி 'ஐந்தின் கொத்து'. தலை எதிராளியின் கைக்கிடுக்கில் மாட்டினால் 'சான்சரிக்குள் போயிற்று' என்பார்கள். சான்சரி என்பது சொத்து வழக்குகள் தலைமுறைக் கணக்கில் இழுபட்ட லண்டன் நீதிமன்றம், உள்ளே போனது முழுசாக வெளியே வராது. அடியைப் பற்றி ஆங்கிலம் இவ்வளவு அழகாகப் பேசியதில்லை. ஹாஸ்லிட் போன்ற ஒரு கட்டுரையாளர் 1821இல் ஒரு சண்டையைப் பார்க்கப் போய் இலக்கியத்தோடு திரும்பியது சும்மா இல்லை. களத்தில் நிற்கும் இருவருமே அடிக்கலாம், இருவருமே வாங்கலாம் என்பதால்தான் அந்த மொழியில் நஞ்சு இல்லை.

அந்தக் களத்தில் நின்றவர்கள் யார்? கிழக்கு லண்டன் யூதர் டேனியல் மெண்டோசா. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து லண்டனில் மதுக்கடை நடத்திய பில் ரிச்மண்ட். 1810இலும் 1811இலும் டாம் கிரிப்போடு மோதிய கறுப்பர் டாம் மாலினோ. 'பழைய, அசல்' லண்டன் கொச்சையின் பொற்காலமே வந்தேறிகளின் முஷ்டியில் வளர்ந்தது. ஸ்டார்க்கி போன்றோர் இந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போகிறார்கள்.

அதே காலத்தில் ராணுவ முகாம்களில் வேறொரு மொழி ஓடிக்கொண்டிருந்தது. சிப்பாயை 'ரத்த முதுகு' என்று ஊரார் கேலி செய்தார்கள். சிவப்புக் கோட்டைக் குறிப்பது என்று க்ரோஸ் சாதுவாக விளக்கம் தருகிறார். 1846 கோடையில் ஹௌன்ஸ்லோ முகாமில் ஏழாம் ஹுஸ்ஸார் படையின் சிப்பாய் ஃப்ரெடரிக் ஜான் ஒயிட்டுக்கு ஒன்பது வார்ச் சாட்டையால் 150 அடி கொடுத்தார்கள். சில வாரங்களில் அவர் இறந்தார். ராணுவ மருத்துவர்கள் காரணத்தை நோயில் தேடினார்கள். மரண விசாரணை அதிகாரியாக இருந்தவர் 'லான்செட்' மருத்துவ இதழை நிறுவிய தாமஸ் வேக்லி. அவர் விடவில்லை. உடலை மறுபடி ஆராயச் செய்தார். சாட்டையடிதான் சாவுக்குக் காரணம் என்று நடுவர் குழு சொன்னது. உச்சவரம்பு 50 அடியாகக் குறைந்தது. தரைப்படையில் சாட்டை முழுசாக ஒழிய 1881 வரை ஆயிற்று. இத்தனைக்கும் சாட்டைக்குப் படையினர் வழங்கிய செல்லப்பெயர் 'பூனை'.

பத்தாண்டுக்குள் தமிழ்ச் சொற்களே லண்டனுக்குக் கப்பலேறின. வரி வசூலுக்காக நடந்த சித்திரவதைகள் பற்றிச் சென்னை மாகாண விசாரணைக் குழு 1855இல் அளித்த அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, விரல்களை நெரிக்கும் 'கிட்டி'யும், குனியவைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டும் 'அண்ணாந்தாள்' கட்டும் அதில் இருந்தன. லண்டனில் உட்கார்ந்து கார்ல் மார்க்ஸ் அந்த அறிக்கையை வைத்து 1857இல் நியூயார்க் டெய்லி ட்ரிப்யூனில் எழுதினார். அடிபட்ட குடியானவர்களின் முறையீட்டோடு சேர்ந்து வந்ததால் இச்சொற்களில் கேலி ஒட்டவில்லை.

இனி வருவது வெறுக்கத்தக்க காலம். டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் நாயகச் சிறுவனின் அக்காள் வீட்டில் வைத்திருக்கும் பிரம்புக்குப் பெயர் 'டிக்ளர்', கிச்சுக்கிச்சு மூட்டி. டிக்கன்ஸ் அதை அடிவாங்கும் பையனின் வாய்வழியாகச் சொல்லவைத்ததால் அது குத்துகிறது. அவருக்குப் பின் வந்த பள்ளிக்கதை எழுத்தாளர்கள் அந்தக் குத்தைப் பிடுங்கிவிட்டுக் கிச்சுக்கிச்சை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1908 முதல் 1940 வரை வந்த 'த மேக்னட்' இதழில் ஃப்ராங்க் ரிச்சர்ட்ஸ் படைத்த குண்டுப் பையன் பில்லி பண்டர் வாரந்தவறாமல் அலறினான். வாசகர்கள் வாரந்தவறாமல் சிரித்தார்கள். 'சிக்ஸ் ஆஃப் த பெஸ்ட்', முதல்தரமான ஆறு அடி, என்ற தொடர் பிரம்படியைக் கடைச் சரக்காக்கியது. பிரபுக்கள் வீட்டுப் பள்ளிகளின் இந்த அசட்டுச் செல்லம் பேரரசின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. அதற்கு வந்த உண்மையான மறுமொழி, ஆர்வெல் இறந்த பின் 1952இல் வெளியான பள்ளி நினைவுக் கட்டுரை. அடி வாங்கி வெளியே வந்த சிறுவன் 'வலிக்கவே இல்லை' என்று பெருமையடித்தது காதில் விழ, மறுபடி உள்ளே அழைத்துச் சவாரிச் சாட்டை ஒடியும்வரை அடிக்கிறார்கள். அந்தப் பக்கங்களில் ஒரு செல்லச் சொல்கூடச் சிரிக்க வைப்பதில்லை.

உள் லண்டன் கல்வி ஆணையம் 1981இல் தன் பள்ளிகளில் பிரம்பை முற்றாக விலக்கியது. அரசுப் பள்ளிகள் அனைத்துக்குமான தடை 1986 ஜூலையில் 231க்கு 230 என்று ஒரே ஒரு வாக்கில் நிறைவேறியது. இளவரசர் ஆண்ட்ருவின் திருமணத்துக்கு முந்தைய நாள் அது. போக்குவரத்து நெரிசலில் சிக்கிச் சில உறுப்பினர்கள் வாக்களிக்க வந்துசேரவில்லை என்று அப்போது பேசிக்கொண்டார்கள். தனியார் பள்ளிகளுக்கு 1999 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

கப்பலேறி வந்த சொல் என்கிறார்களே, அதற்கு வருவோம். கரீபிய வீடுகளில் அடிக்குச் சொல் 'லிக்ஸ்'. 1948இல் கரீபியக் குடியேறிகளோடு 'விண்ட்ரஷ்' கப்பல் டில்பரி துறைமுகத்துக்கு வந்த பிறகு லண்டன் தெருக்களில் பரவியது. ஆனால் 'லிக்' என்றால் அடி என்று க்ரோஸே 1785இல் பதிந்திருக்கிறார். சொல் அவருக்கும் இரு நூற்றாண்டுகள் மூத்தது. இங்கிலாந்தின் சரக்கு தோட்டங்களுக்குப் போய், தலைமுறை தலைமுறையாக அடிமைகளின் முதுகில் புழங்கி, அவர்கள் பேரப்பிள்ளைகளின் வாயில் தாயகம் திரும்பியிருக்கிறது. நீதிமன்றங்கள் சாட்டையடி விதிக்கும் அதிகாரத்தை இங்கிலாந்து கைவிட்டதும் அதே 1948இல்தான்.

மறுபக்கம், உள்ளூரிலேயே விளைந்த சரக்கும் உண்டு. 1970 வாக்கில் கிழக்கு லண்டன் மொட்டைத்தலை இளைஞர் கூட்டம் தெற்காசியரைத் துரத்தி அடிப்பதற்கு ஒரு பெயர் வைத்தது: 'பாக்கி-பாஷிங்'. ஏதோ விளையாட்டின் பெயர் போல அது பத்திரிகைத் தலைப்புகளில் ஏறியது. 1978 மே 4 அன்று வொயிட்சாப்பலில் ஆல்தாப் அலி கொல்லப்பட்டார். அவர் விழுந்த இடத்தருகே உள்ள பூங்காவுக்கு இன்று அவர் பெயர். அந்த அடி நமக்கும் விழுந்தது. ஈழத்திலிருந்து தப்பி வந்து கிழக்கு லண்டனில் குடியேறியவர்கள் 80களிலும் 90களிலும் இரவுப் பேருந்துக்கு நிற்கப் பயந்த கதைகளை அந்தத் தலைமுறையிடம் கேட்டாலே சொல்வார்கள்.

கொச்சைமொழி அகராதிகள் தொகுத்த ஃபார்மரும் ஹென்லியும், பார்ட்ரிஜும், 2010இல் மூன்று பெருந்தொகுதிகள் தந்த ஜொனாதன் கிரீனும் சொற்களைச் சேர்த்த உழைப்பு மலைக்க வைப்பது. யார், எப்போது, எங்கே என்று ஆதாரத்தோடு தருகிறார்கள். அடித்தவன் சொன்னதா, பட்டவன் சொன்னதா என்ற ஒரு குறிப்பையும் ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் சேர்த்தால் இந்தத் துறையின் முகமே மாறும். ஒத்த வயதுப் பையன்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் 'நெக்', ஈகனின் களத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். 'சிக்ஸ் ஆஃப் த பெஸ்ட்', 'காற்றும் உடற்பயிற்சியும்' இருக்கும் பக்கத்துக்குப் போகும்.

அந்தப் பக்கத்தில் சட்டத்தின் சொல்லையும் வைக்க வேண்டும். 1860இல் ஈஸ்ட்போர்ன் பள்ளி ஆசிரியர் தாமஸ் ஹாப்லி ஒரு மாணவனை அடித்தே கொன்ற வழக்கில், அளவான, நியாயமான தண்டனைக்குப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரிமை உண்டு என்று நீதிபதி காக்பர்ன் வரையறுத்தார். அதன் வழிவந்த 'நியாயமான தண்டனை' என்ற தற்காப்பு, வரம்புகளோடு, 2004ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 58ஆம் பிரிவில் பெற்றோருக்காக நீடிக்கிறது. ஸ்காட்லாந்து 2020 நவம்பரிலும் வேல்ஸ் 2022 மார்ச்சிலும் அந்தத் தற்காப்பை நீக்கின. அப்போதும் இங்கிலாந்து அதை நீக்கவில்லை.